மான் தலைக்குக் கீழே ஒரு தேதி

அத்தியாயம் 6

"திருடனுக்குப் பசிக்கல போல, பாஸ்," என்றான் லெஸ்டர், ஃப்ரிட்ஜை மூடிக்கொண்டே. "உள்ளே வேகவெச்ச பன்றித் தொடை, ஒரு முழு ஹாம், அப்படியே இருக்கு. தொடவே இல்ல."

"நீ தொட்டியா?"

"ஓரத்துல. லேசா."

ரோவீனா ட்ராக்ஸல் அவனை முறைக்கக்கூட நேரம் ஒதுக்கவில்லை. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்தவள். இப்போது மலையூரான எல்க் ஃபோர்க்கில் சலவைக் கடைக்கு மேல் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். லெஸ்டர் பிங்க்லி அவளிடம் சேர்வதற்கு முன் பீட்ஸா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவன். ஊரில் எந்த வீட்டு வாசலில் எந்தப் படி ஆடும், எந்த நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

வீட்டுக்காரர் ஆர்லோ ஹெக்மன் ஜன்னலோரம் நின்றார். அறுபதைத் தாண்டியவர், சலவை மடிப்புக் கலையாத சட்டை; காலடியில் தரை பளபளவென்று துடைத்திருந்தது. அவருக்குப் பின்னால், வெளியே பனி படர்ந்த புல்லில், அவரே நட்ட அறிவிப்புப் பலகை தெரிந்தது: 'என் துப்பாக்கிக்கு நானே காவல்.'

"எட்டுத் துப்பாக்கி போச்சு," என்றார். "ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுல இருந்த நேரம். பெட்டி திறந்து கெடந்துச்சு. உள்ளே காலி."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

ஆர்லோ திரும்பி அந்தப் பலகையைக் காட்டினார். "இன்னிக்குச் சாயங்காலம் தீயணைப்பு நிலையத்துல ஊர்க் கூட்டம். துப்பாக்கி தொலைஞ்சா ரெண்டு நாளுக்குள்ள போலீஸ்ல சொல்லணும், சொல்லலன்னா தொலைச்சவனுக்கே அபராதம்னு ஒரு தீர்மானம் வருது. பொருளைப் பறிகொடுத்தவனையே குற்றவாளி ஆக்கற சட்டம். அதை எதிர்த்து மலை பூரா போர்டு நட்டவன் நான். இப்ப நானே போய் எட்டு காணோம்னு நின்னா, தீர்மானத்தைக் கொண்டு வர்ற டெலோரஸ் பன்கோ மேடையேறி ஆடிடுவா."

"ஆடினா நான் டிக்கெட் வாங்கிப் பார்ப்பேன் சார்," என்றான் லெஸ்டர்.

ஆர்லோ சிரிக்கவில்லை. "அதான் உன்னைக் கூப்பிட்டேன் ரோவீனா. கூட்டம் முடிஞ்சு நான் வீட்டுக்கு வரும்போது அதெல்லாம் இங்க இருக்கணும்."

"கூட்டத்துக்கு முன்னாடி வேண்டாமா?"

"ராத்திரிக்கு இருந்தாப் போதும்."

ரோவீனா கூடத்துக்கு நடந்தாள். இரும்புப் பெட்டி மூலையில் ஆளுயரத்துக்கு நின்றது. கதவில் எண் பொத்தான்கள். ஒரு கீறல்கூட இல்லை. உடைக்காமல், நெம்பாமல், எண்ணைப் போட்டுத் திறந்திருக்கிறார்கள். உள்ளே துப்பாக்கிகளுக்குப் போர்த்தும் நீளமான கம்பளி உறைகளையும் காணோம்.

"உறை போட்டு எடுத்துட்டுப் போயிருக்கான்," என்றாள். "கீறல் விழக் கூடாதாம்."

"நல்ல வளர்ப்பு," என்றான் லெஸ்டர். பிறகு கணப்பு அடுப்புக்கு மேலே பார்த்து விரலால் காட்டினான். "எண்ணைக் கண்டுபிடிக்க என்ன பெரிய மூளை வேணும் பாஸ்? அங்கதான் எழுதியிருக்கே!"

மேலே ஒரு மான் தலை. பத்துக் கிளைக் கொம்பு. அதன் கீழே பித்தளைத் தகடு: '1976 நவம்பர் 29. ஆர்லோவின் முதல் மான்.'

எங்கள் மலைப் பக்கத்தில் கல்யாண நாளை மறந்தவர்கள் உண்டு. முதல் மான் விழுந்த தேதியை மறந்தவர் கிடையாது. வேட்டைக் காலம் தொடங்கும் திங்கட்கிழமை என்றால் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. ஆகவே இரும்புப் பெட்டி வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்தத் தேதியைத்தான் எண்ணாக வைப்பார்கள். வைத்துவிட்டு, அதே தேதியைப் பித்தளையில் பொறித்து, வருகிறவன் போகிறவன் எல்லோரும் படிக்கும்படி பெட்டிக்கு எதிரிலேயே மாட்டியும் வைப்பார்கள்.

"அப்போ இந்த வீட்டுல காபி குடிச்ச எல்லார் மேலயும் சந்தேகம்," என்றான் லெஸ்டர். "என்னையும் சேர்த்து. நான் எட்டு பீட்ஸா குடுத்திருக்கேன்."

ரோவீனா பெட்டிக் கதவைச் சாத்தினாள். தகட்டில் இருந்த தேதியை அழுத்தினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

திரும்பிப் பார்த்தபோது ஆர்லோவின் காதுகளும் அதே நிறத்தில் இருந்தன.

"ஆர்லோ?"

"முப்பது," என்றார் மெதுவாக. "29 இல்ல, 30."

"தகடு பொறிச்சவன் தப்புப் பண்ணிட்டானா?"

"அவன் பண்ணல. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்." அவர் மான் தலையைப் பார்க்காமல் பேசினார். "திங்கட்கிழமை எனக்கு நல்ல குறி கெடைச்சுது. கை நடுங்கிடுச்சு, சுடல. மறுநாள்தான் விழுந்துச்சு. பதினாறு வயசு ரோவீனா. மொத நாள்னு சொன்னாத்தான் மதிப்பு. செவ்வாய்க்கிழமைன்னா, ஏன்டா திங்கள் தூங்கிட்டியாம்பாங்க."

லெஸ்டர் தொப்பியைக் கழற்றினான். "நாற்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல கட்டிக் காத்த பொய்க்கு நான் தலை வணங்கறேன் சார்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் ரோவீனா.

"ஜூனுக்கு." அவர் மனைவியின் பெயரைச் சொன்னதும் அறையில் கடிகாரச் சத்தம் பெரிதாகக் கேட்டது. "அவ ஏப்ரல்ல தவறிட்டா. அப்புறம் அன்னிக்கு என் பக்கத்துல நின்னவன். நார்ம் ஸைட்லர்."

"துப்பாக்கிக் கடை நார்மா?"

"அவன் மேல சந்தேகப்படறதுக்கு இந்தச் சுவர் மேல சந்தேகப்படலாம். எல்லாக் கூட்டத்துலயும் எனக்கு வலதுகைப் பக்கம் நிக்கறவன். அடுத்தவன் துப்பாக்கியைத் தொடறவன் கையை வெட்டணும்னு சொல்றவன்."

ரோவீனா கணப்புக்கு மேலே இன்னொன்றையும் பார்த்தாள். மானுக்குப் பக்கத்தில், மரத்தில் வெள்ளி பதித்த ஒரு நீளத் துப்பாக்கி ஆணியில் தொங்கியது.

"இதை ஏன் விட்டுட்டான்?"

"எங்க கொள்ளுத்தாத்தாவோடது. எட்டையும் சேர்த்து வித்தாலும் இதுல பாதி வராது." ஆர்லோ தோளைக் குலுக்கினார். "ஆனா சுடாது. விசை ஒடிஞ்சு எத்தனையோ காலமாச்சு."

"எடுத்ததுல விலை குறைஞ்சது எது?"

"அணில் சுடற சின்னது ஒண்ணு. கட்டை பிளந்து டேப் சுத்தி வச்சிருந்தேன். அதையும் எடுத்துட்டான். சமையலறை டிராயர்ல கெடந்த நாலு தோட்டாவையும் விடல."

லெஸ்டர் தலையைச் சொறிந்தான். "மண்டைல ஒண்ணுமில்லாத திருடன் பாஸ். தங்கத்தை விட்டுட்டுத் தகரத்தைத் தூக்கியிருக்கான்."

"இல்ல. அவன் விலை பார்த்து எடுக்கல," என்றாள் ரோவீனா. "எது சுடும்னு பார்த்து எடுத்திருக்கான்."

வாசலில் நாய்ச் சங்கிலி மாட்டும் ஆணி வெறுமையாக இருந்ததை லெஸ்டர்தான் கவனித்தான். "உங்க நாய் பிஸ்கட் எங்க சார்? போன வருஷம் என் பேண்ட்டைக் கிழிச்ச மகராசி?"

"நார்ம்கிட்ட குடுத்துட்டேன். அவன் கடையில ஆளுங்க வந்துட்டுப் போவாங்க. அவளுக்குப் பொழுது போகும்."

"இந்த வருஷம் எந்தப் பக்கம் வேட்டைக்கு?" என்று கேட்டான் லெஸ்டர்.

"போகல. அனுமதிச் சீட்டு வாங்கல."

"அந்த ஹாம் யார் குடுத்தது?" என்று கேட்டாள் ரோவீனா.

"தெரியல. ஞாயித்துக்கிழமை வந்து பார்த்தா இருந்துச்சு. சர்ச்சுப் பொம்பளைங்க யாராவது வச்சிருப்பாங்க. ஜூன் போனதுலேருந்து ஏதாவது வச்சுட்டுப் போறாங்க."

வெளியே சாலையோரத்தில் தபால் பெட்டி கம்பத்தோடு சாய்ந்து கிடந்தது. அதன் வயிற்றில் குறுக்கே ஒரு பச்சைப் பெயிண்ட் கோடு.

லெஸ்டர் அதைப் பார்த்ததும் கைகொட்டினான். "டெலோரஸ் பன்கோ! அந்தம்மா ரிவர்ஸ் எடுத்தா தபால் பெட்டி தப்பாது. பச்சைக் கார். ஊர்ல பாதிப் பேரு கம்பத்தைத் தள்ளி நட்டுட்டாங்க."

வாசலில் நின்ற ஆர்லோவின் முகம் இறுகியது. "எனக்குத் தெரியும். எனக்கு அப்பவே தெரியும். மேடையில பேசி எடுக்க முடியலன்னு வீட்டுக்குள்ளயே வந்துட்டாளா!"

*

டெலோரஸ் பன்கோவின் வீடு ஓடையை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தை நடத்தி ஓய்வு பெற்றவள். அவள் புல்வெளியிலும் ஒரு பலகை: 'தொலைந்தால் சொல்லுங்கள்.' பச்சைக் காரின் பின்பக்கம் முழுக்கத் தழும்பு.

"ஆர்லோ வீட்டுத் தபால் பெட்டி விஷயமா வந்தோம்," என்றாள் ரோவீனா.

"இடிச்சுட்டேனா? யார் வீட்டுதைத்தான் இடிக்கல?" டெலோரஸ் கதவை முழுதாகத் திறக்கவில்லை. "ஆளனுப்பி நட்டுக் குடுத்துடறேன்."

"ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுப் பக்கம் என்ன வேலை?"

"நோட்டீஸ் போடப் போனேன்."

"எதிரணித் தலைவர் வீட்டுக்கா?" என்றான் லெஸ்டர். "புலிக்குப் புல்லுக்கட்டு கொண்டுபோன மாதிரி இருக்கே."

"பிங்க்லி, உனக்கு ஆறாம் வகுப்புலயே வாய் ஜாஸ்தி. பால் பாக்கெட் ரெண்டா எடுப்பே."

"அவர் துப்பாக்கியில எதையாவது நீங்க தொட்டீங்களா?" ரோவீனா நேராகக் கேட்டாள்.

"என் வாழ்நாள்ல ஒரு துப்பாக்கியையும் நான் தொட்டதில்ல. பைபிள் கொண்டு வா, சத்தியம் பண்றேன்."

கண் சிமிட்டாமல் சொன்னாள். ரோவீனாவுக்கு அது உண்மை என்று பட்டது. விடைபெற்றுப் படியிறங்கினார்கள். பின்னாலிருந்து டெலோரஸின் குரல், முதல் முறையாகச் சண்டைக்காரத் தொனி இல்லாமல் வந்தது.

"ரோவீனா... அவர் சாப்பிட்டாரா? அந்த ஹாமை?"

ரோவீனா நின்றாள். லெஸ்டர் நின்றான்.

"எந்த ஹாம்?" என்றான் லெஸ்டர்.

கதவு சாத்திக்கொண்டது.

*

"எனக்குத் தெரிஞ்சு இதான் உலகத்துலயே முதல் தடவை," என்றான் லெஸ்டர், காரில். "எட்டுத் துப்பாக்கியைத் தூக்கிட்டு, பதிலுக்கு ஒரு ஹாமை வச்சுட்டுப் போற திருடி. பண்டமாற்று."

"டெலோரஸுக்குப் பெட்டி எண் தெரியாது. தகட்டுல இருக்கறதை அழுத்தியிருந்தா சிவப்பு விளக்குதான்."

"நார்முக்குத் தெரியும். ஆனா நார்மோட வண்டி லாரி மாதிரி இருக்கும். மலையில யார் பார்த்தாலும் நார்ம் போறான்னு சொல்லுவான். ஒருத்தருக்குக் கார் இருக்கு, எண் இல்ல. இன்னொருத்தருக்கு எண் இருக்கு, கார் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்திருந்தா கச்சிதம். ஆனா பெட்ரோல் பங்க்ல அந்தம்மா நின்னா நார்ம் அடுத்த ஊருக்குப் போய் நிரப்பிட்டு வருவான்."

ரோவீனா வண்டியை மலைச் சாலையில் ஏற்றினாள். ஆரஞ்சு மேலங்கிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வீடுகள் இரு பக்கமும் நகர்ந்தன. வேட்டைக்காக ஊரே துணியைக் காற்றில் போட்டு, சோப்பு வாசனையைப் போக்கிக்கொண்டிருந்தது. ஆர்லோ வீட்டுக் கொடி வெறுமையாக இருந்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

திடீரென்று காரை ஓரம் கட்டினாள்.

"என்ன பாஸ்?"

"நாயைக் குடுத்துட்டார். வீட்டைத் துடைச்சு வச்சிருக்கார். வேட்டைக்குப் போகல, சீட்டு வாங்கல." அவள் லெஸ்டர் பக்கம் திரும்பினாள். "அப்புறம் இன்னிக்கு ராத்திரிக்கு அவருக்குத் துப்பாக்கி எதுக்கு, லெஸ்டர்?"

லெஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

ரோவீனா வண்டியை மறுபடி எடுத்தாள். கண்டுபிடித்துக் கொடு என்று அவர் கேட்டது எதை என்று இப்போது இருவருக்கும் தெரிந்துவிட்டது. எடுத்தது யார் என்பதில் பாதி கண்டுபிடித்தும் ஆகிவிட்டது.

*

ஸைட்லரின் துப்பாக்கி, தூண்டில் கடைக்கு முன்னால் தபால் பெட்டி சாய்ந்திருந்தது. அதில் ஒரு பச்சைக் கோடு. பெயிண்ட் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

"இந்தக் கடை வாசலை மிதிக்கமாட்டேன்னு பேப்பர்லயே அறிக்கை விட்ட பொம்பளை," என்றான் லெஸ்டர் மெல்ல.

உள்ளே மணி அடித்தது. பழுப்பு நிற நாய் ஒன்று மேஜைக்கு அடியிலிருந்து வந்து லெஸ்டரின் பேண்ட்டை முகர்ந்தது. மேஜைக்குப் பின்னால் நார்ம் ஸைட்லர், மலையைச் சட்டைக்குள் திணித்த மாதிரி ஆள்.

"தோட்டாவா, புழுவா?" என்றார்.

"ஆர்லோவோட எட்டு," என்றாள் ரோவீனா.

நார்மின் முகத்தில் எதுவும் அசையவில்லை. "யார் எடுத்தானோ அவன் கையை..."

"வெட்டணும். தெரியும். டெலோரஸையும் வெளியே வரச் சொல்லுங்க. கார் பின்னாடி நிக்குது, தபால் பெட்டி முன்னாடி படுத்திருக்கு."

பின்னறைத் திரை விலகியது. டெலோரஸ் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரோரம் கம்பளி உறைக்குள் எட்டு நீள உருவங்கள், தூங்கும் பிள்ளைகளைப் போல வரிசையாக.

"நான் தொடல," என்றாள் டெலோரஸ். "கார் ஓட்டினேன். அவ்வளவுதான்."

"நான்தான் தூக்கினேன்," என்றார் நார்ம். பெரிய உடம்பு ஸ்டூலில் அமர்ந்தது. "ஆர்லோ போன வாரம் நாயோட வந்தான். இவளைப் பார்த்துக்கோ, நல்லபடியாப் பார்த்துக்கோன்னான். ஊருக்குப் போறியாடான்னேன். சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. யார்கிட்ட கேக்கறது? எங்க ஆளுங்ககிட்ட சொன்னா மலை பூரா பரவும். இதெல்லாம் தெரிஞ்சவங்க எனக்கு ஒருத்தர்தான். அவங்களுக்கும் எனக்கும் பேச்சு இல்ல."

"அன்னிக்கு ராத்திரி நார்ம் எனக்கு ஃபோன் பண்ணினான்," என்றாள் டெலோரஸ். "திட்டத்தான் பண்றான்னு நெனச்சேன். 'எட் போறதுக்கு முன்னாடி எப்படி இருந்தான்'னு கேட்டான்."

ரோவீனாவுக்கு நினைவு வந்தது. டெலோரஸின் கணவன் எட் பன்கோ. வேட்டை விபத்து என்று ஊர் சொல்லிக்கொண்டது.

"விபத்து இல்ல, அவனேதான் சுட்டுக்கிட்டான்," என்றாள் டெலோரஸ், அதைக் கேட்டது போலவே. "எல்லாருக்கும் தெரியும். எட் கூட போறதுக்கு முன்னாடி தூண்டில் பெட்டியை அவன் அண்ணனுக்குக் குடுத்தான். நல்ல மனசுன்னு நெனச்சோம்."

நாய் நடுவில் படுத்துக்கொண்டது.

"ஒண்ணு கேக்கறேன் நார்ம்," என்றான் லெஸ்டர். "தன் உயிருக்கே ஆபத்தா இருக்கறவன்கிட்டேருந்து துப்பாக்கியை ஜட்ஜ் உத்தரவு போட்டு எடுக்கலாம்னு ஒரு சட்டம் வந்தப்போ, கொளுத்துவேன்னு சொன்னது நீங்கதானே?"

"இப்பவும் சொல்வேன். ஜட்ஜ் எடுத்தா அது அரசாங்கம். இன்னிக்கு இவன்கிட்ட எடுப்பான், நாளைக்கு என்கிட்ட. நான் எடுத்தா அது நார்ம். அவனுக்கு என்னைத் தெரியும்."

"சரி," என்றாள் டெலோரஸ். "பக்கத்துல ஒரு நார்ம் இல்லாத வீட்டுக்கு என்ன பண்றது?"

நார்ம் மேஜை மேல் கிடந்த ரசீதுக் கட்டை நேராக்கினார்.

"எனக்கு வேலை குடுத்தது ஆர்லோ," என்றாள் ரோவீனா. "கண்டுபிடிச்சதைச் சொல்லாம இருக்க முடியாது."

"சொன்னா அவன் கேப்பான். கேட்டா நான் குடுத்தாகணும். அவன் பொருள்." நார்ம் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினார். "வாழ்நாள் பூரா அதைத்தானே பேசிட்டிருந்தேன்."

"அதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். நீங்க பெட்டியைத் திறந்தீங்க, காரை ஓட்டினீங்க, ஹாம் வச்சீங்க. ரெண்டு பேரும் அதை மட்டும் கேக்கல."

*

நால்வரும் ஆர்லோ வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. டெலோரஸைப் பார்த்ததும் ஆர்லோ எழுந்தார்.

"ஒப்புக்கிட்டாளா?"

"உட்காருங்க," என்றாள் ரோவீனா. அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஆர்லோ, இன்னிக்கு ராத்திரி உயிரை விடணும்னு இருந்தீங்களா?"

அவ்வளவு நேராக யாரும் எதையும் கேட்டு அந்த வீட்டில் ஏழு மாதம் ஆகியிருக்கும். ஆர்லோ ஜன்னலைப் பார்த்தார். பிறகு நாய் இல்லாத ஆணியை. பிறகு, நார்மின் காலடியில் நின்ற நாயை.

"கூட்டத்துல பேசிட்டு," என்றார். "அதுதான் கடைசி வேலைன்னு வச்சிருந்தேன். மத்ததெல்லாம் முடிச்சுட்டேன்."

"நான்தான்டா எடுத்தேன்," என்றார் நார்ம்.

ஆர்லோ மெல்லத் திரும்பினார். "நீயா?"

"நான்தான்."

"என் வீட்டுல நுழைஞ்சு, என் பெட்டியைத் திறந்து... எத்தனை மேடையில பக்கத்துல நின்னே! யாரும் நம்ம கையிலேருந்து எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். இன்னிக்குச் சாயங்காலமும் சொல்வேன். அது உன் பொருள். நீ கேட்டா இப்பவே கொண்டாந்து இறக்கிடுவேன். என்னால மறுக்க முடியாது ஆர்லோ." கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. "அதனால கேக்காதே."

ஆர்லோவின் உதடு அசைந்தது. கேட்கப்போகிறார் என்றே ரோவீனா நினைத்தாள். கேட்டால் அவளிடம் அடுத்த யோசனை ஏதும் இல்லை.

"உன் கடைப் பெட்டியில வை," என்றார் ஆர்லோ கடைசியில். "எண்ணை மாத்து. என்ன எண்ணுன்னு எங்கிட்ட சொல்லாதே."

டெலோரஸ் கைப்பையை மேஜையில் வைத்தாள். "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நான் கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கு ராத்திரி நார்ம் கூடத்துச் சோபாவுல படுத்துப்பான்."

"உன் கார்லயா?" ஆர்லோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உயிரோட போய்ச் சேரணும்னுதானே டாக்டர்கிட்ட போறது?"

லெஸ்டர்தான் முதலில் சிரித்தான். சிரித்துவிட்டு, தப்போ என்று வாயைப் பொத்தினான். நார்ம் அழுதுகொண்டே சிரித்தார்.

"கூட்டத்துல உனக்கு எதிராத்தான் பேசுவேன் டெலோரஸ்," என்றார் ஆர்லோ. "இதனால எதுவும் மாறல."

"பேசு. நானும் விடமாட்டேன். அடுத்த மாசமும் கூட்டம் இருக்கு. அதுக்கும் வந்து எதிராப் பேசு."

ஆர்லோ எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து ஹாமை வெளியே எடுத்தார். தட்டோடு மேஜையில் வைத்து, கத்தியைக் கையில் எடுத்தவர், குனிந்து பார்த்தார்.

"ஓரத்தைக் காணோமே."

"திருட்டுதான் சார்," என்றான் லெஸ்டர். "ரெண்டு நாளுக்குள்ள நானே சொல்லிடணும்னு இருந்தேன்."

ஆர்லோ ஐந்து துண்டு நறுக்கினார். ஐந்து தட்டு. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது; அதனூடே இரண்டு பலகைகள் இருப்பது போலத் தோன்றியது. உற்றுப் பார்த்தால் அங்கே இருந்தது ஒரே பலகைதான், மற்றது சாய்ந்து கிடந்த தபால் பெட்டி. தீயணைப்பு நிலையத்தில் விளக்குகளைப் போட ஆரம்பித்திருப்பார்கள்.

அவர் முதல் துண்டை வாயில் வைக்கும்வரை வேறு யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை.